நுரையை இறக்குவது எளிது, கழுவிய தண்ணீர்தான் வம்பு

பம்ப் அறையில் ஃபோம் டிரம் ஒன்று சரிந்து பத்து லிட்டர் கொட்டிவிட்டால், முதலில் ஓடி வருபவர் கையில் பெரும்பாலும் தண்ணீர்க் குழாய்தான் இருக்கும். "கொஞ்சம் தண்ணி அடிச்சா போயிடும்ணே" என்பது எல்லா வேலையிடத்திலும் கேட்கும் பேச்சு. தரை எண்ணெய்போல் வழுக்கும், யாராவது விழுந்துவிடுவார்கள் என்ற பயமும் நியாயமானதுதான். ஆனால் ஏ டிரிபிள் எஃப் எனப்படும் தீயணைப்பு நுரைக் கரைசலின் மேல் தண்ணீர் அடித்தால், பத்து லிட்டர் கழிவு பத்தே நிமிடத்தில் ஆயிரம் லிட்டராகிவிடும். அதுவும் நுரைத்துக்கொண்டு, கையால் அள்ளக்கூடிய இடத்தை விட்டு, நம் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும்.

எங்கே போகும்? சிங்கப்பூரில் தரையில் ஓடும் தண்ணீருக்கு இரண்டே பாதை. கூரையில்லாத இடமென்றால் மழைநீர் வடிகால். கூரைக்கு உள்ளே என்றால் ஃப்ளோர் டிராப் எனப்படும் தரைத் துளை வழியாகக் கழிவுநீர்க் குழாய். வடிகால் போய்ச் சேருவது நீர்த்தேக்கத்திலோ கடலிலோ. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதை நினைவில் வையுங்கள். கழிவுநீரோ சுத்திகரிப்பு ஆலைக்குப் போய், அதில் ஒரு பங்கு புதுநீராக, அதாவது மீண்டும் பயன்படுத்தும் சுத்த நீராக, திரும்பி வருகிறது. புதுநீர் ஆலையின் எதிர் சவ்வூடு பரவல் நுரைக் கரைசலில் இருக்கும் பிஃபாஸ் எனப்படும் ஃப்ளூரின் வேதிப்பொருள்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆனால் தடுப்பது வேறு, அழிப்பது வேறு. தடுக்கப்பட்டது அடர்நீரோடு வெளியேறும், அவ்வளவுதான். ஊருக்கு வெளியே கொட்டிவிடலாம் என்பவர்களுக்கு ஒன்று: இந்த ஊரில் அப்படியொரு 'வெளியே' கிடையாது.

இதற்கு ஏன் இவ்வளவு அச்சம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய கரைசல் ஒரு லிட்டரில் 10 கிராம் பிஃபாஸ் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 1 விழுக்காடு. குடிநீரில் பிஃபாஸ் குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஎஸ், பிஎஃப்ஓஏ ஒவ்வொன்றுக்கும் அமெரிக்கா 2024 ஏப்ரலில் விதித்த உச்சவரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். அந்த அளவுக்கு நீர்த்துப்போக வேண்டுமானால் நம் ஒரு லிட்டருக்கு 250 கோடி லிட்டர் தண்ணீர் தேவை. ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்று 25 லட்சம் லிட்டர் என்றால், ஆயிரம் குளங்கள். கார்பனுக்கும் ஃப்ளூரினுக்கும் இடையிலுள்ள பிணைப்பை வெயிலோ கிருமியோ உடைப்பதில்லை. பிஎஃப்ஓஏ மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023ல் முதல் பிரிவில் சேர்த்தது.

தொட்டியில் இருப்பது என்ன?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் தொடக்கூடாது. 3எம் நிறுவனம் பிஎஃப்ஓஎஸ் தயாரிப்பைக் கைவிடுவதாக அறிவித்தது 2000 மே மாதத்தில். அதனால் 2002க்கு முந்தைய டிரம் என்றால் சந்தேகமே வேண்டாம், மோசமான சரக்குதான். அதற்குப் பிந்தைய தேதி என்பதால் நல்ல சரக்கு என்றும் ஆகிவிடாது. மற்ற நாட்டுத் தயாரிப்புகள் பிறகும் வந்தன. அதைவிட முக்கியம், பழைய தொட்டியைக் கழுவாமலே அதன் மேல் புதுக் கரைசலை ஊற்றிவைத்த இடங்கள் ஏராளம். எளிதில் அழியாத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பிஎஃப்ஓஎஸ்ஸை 2009லும், பிஎஃப்ஓஏவை 2019லும், அதே குடும்பத்துப் பிஎஃப்ஹெச்எக்ஸ்எஸ்ஸை 2022லும் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூர் அந்த உடன்படிக்கையில் உள்ள நாடு. இங்கே அதைச் செயல்படுத்துவது தேசியச் சுற்றுப்புற வாரியம்.

லேபிளில் ஏமாற்றும் சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று 'சி6'. இதில் நீண்ட சங்கிலிக்குப் பதில் ஆறு கார்பன் சங்கிலி இருக்கிறது, அவ்வளவே. இதுவும் பிஃபாஸ்தான், இதுவும் அழியாது. சங்கிலி குட்டையாக இருப்பதால் கரித்தூள் வடிகட்டியில் நீண்ட சங்கிலியைவிடச் சீக்கிரம் நழுவிப்போகும். மற்றொன்று 'மக்கும் தன்மை கொண்டது'. கரைசலில் இருக்கும் கிளைகால், சாதாரணச் சோப்புப் பொருள் எல்லாம் மக்கும், உண்மை. ஃப்ளூரின் பகுதி மக்காது, அதைப் பற்றி லேபிள் வாய் திறக்காது. பாதுகாப்புத் தரவுத் தாளின் மூன்றாம் பகுதியில் ஃப்ளூரோசர்ஃபேக்டன்ட் என்ற சொல்லோ, வணிக ரகசியம் என்ற குறிப்போ இருந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆய்வகத்தில் பிஎஃப்ஓஎஸ், பிஎஃப்ஓஏ என்று பெயர் சொல்லி மட்டும் கேட்டால், பின்னாளில் அவையாக மாறக்கூடிய, பெயரில்லாத முன்னோடிச் சேர்மங்கள் கணக்கில் வராது. மொத்தக் கரிம ஃப்ளூரின் அளவையும் சேர்த்துக் கேளுங்கள். மாதிரி எடுக்கும் பாட்டில் பாலிப்ரொப்பிலீனாகவோ எச்டிபிஇயாகவோ இருக்கட்டும். மூடியின் உள்ளே ஃப்ளூரின் கலந்த டெஃப்லான் வளையம் இருக்கக்கூடாது. குழாய் இணைப்பில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றிய இடத்திலிருந்தும் எடுக்காதீர்கள். தொட்டியின் மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று. ஆண்டுக்கணக்கில் நின்ற கரைசல் அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கும்.

கொட்டிவிட்டால்

முதல் வேலை தரை அல்ல, தண்ணீர் போகும் வழி. ஃப்ளோர் டிராப்பின் மேல் வடிகால் அடைப்பு விரிப்பை அழுத்துங்கள். இல்லையென்றால் தடித்த பிளாஸ்டிக் தாள், அதன் மேல் மணல் மூட்டை. அடுத்தது சம்ப் பம்ப், அதாவது குழியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பம்ப். இதை மறப்பவர்கள்தான் அதிகம். அடித்தளப் பம்ப் அறையிலும் கார் நிறுத்துமிடத்திலும் இருக்கும் சம்ப் பம்ப் மிதவை உயர்ந்தால் தானே ஓடும். நீங்கள் துடைப்பம் தேடிக்கொண்டிருக்கும்போது அது கழிவை அழகாக வெளியே ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கும். ஸ்விட்சை அணைத்தால் போதாது, மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டுப் போடுங்கள். தொட்டியைச் சுற்றிக் கசிவைத் தடுக்கக் கட்டிய சுற்றுச்சுவருக்குள் கொட்டியிருந்தால் அதன் வடிகால் வால்வு மூடியிருக்கிறதா என்று கையால் திருகிப் பாருங்கள். 'மூடியது' என்று எழுதிய அட்டை தொங்குவதை நம்பவேண்டாம்.

வடிகாலுக்குள் ஏற்கெனவே போய்விட்டதென்றால் மறைக்காதீர்கள். வாரியத்துக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கும் உடனே சொல்லிவிட வேண்டும். தீ, ஆவி, ஆளுக்குக் காயம் என்றால் 995. நேரத்தோடு சொன்னால் வடிகாலின் கீழ்ப்பகுதியில் தடுக்க முடியும். நாளைக்குச் சொன்னால் முடியாது.

அடுத்து மழை. இங்கே பிற்பகல் இடிமழை ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டுவது அதிசயமில்லை. 20 மீட்டருக்கு 50 மீட்டர் சுற்றுச்சுவர்ப் பகுதியில் அது 50,000 லிட்டர். அது கொட்டிய நுரையோடு சேர்ந்தால் அத்தனையும் நச்சுக் கழிவு. வெளியில் கொட்டியிருந்தால் அள்ளத் தொடங்குமுன்பே தார்ப்பாயைக் கொண்டுவரச் சொல்வது இதற்காகத்தான்.

உறிஞ்சும் விரிப்பில் நிறம் பாருங்கள். வழக்கமாக வெள்ளை விரிப்பு எண்ணெய்க்கானது, தண்ணீரைத் தள்ளும். நுரைக் கரைசல் தண்ணீர்ச் சரக்கு, அதற்குச் சாம்பல் நிற யுனிவர்சல் விரிப்பு வேண்டும். பெரும் அளவுக்கு வெர்மிக்குலைட் நன்றாக வேலை செய்யும். ஓரத்திலிருந்து நடுவுக்கு வாருங்கள். கடைசியாகத் தரையை ஈரத்துணியால் துடையுங்கள். வாளியில் பத்து லிட்டர், அதற்குமேல் வேண்டாம். வாளித் தண்ணீர், துணி, மாப் மூன்றும் டிரம்முக்கே. பூச்சில்லாத கான்கிரீட்டில் இது ஊறிப்போய், மழை பெய்யும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வரும். வெடித்த தரையென்றால் மேல்பரப்பைச் சுரண்டி எடுக்கவேண்டிவரும்.

ஏற்கெனவே நுரையாகிவிட்ட கழிவுக்கு வேக்குவம் லாரியை அழைப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. தொட்டிக்குள் காற்றழுத்தம் குறையும்போது நுரை இன்னும் பொங்கும். கால்வாசிகூட நிறையுமுன் மிதவை வால்வில் மோதி இழுவை நின்றுவிடும், அல்லது நுரை வேக்குவம் பம்புக்குள்ளேயே போய்விடும். நுரையடக்கியைத் தொட்டிக்குள் முன்கூட்டியே ஊற்றிவையுங்கள். குழாயின் வாய் எப்போதும் திரவத்துக்குள் மூழ்கியிருக்கட்டும். காற்றால் ஓடும் டயஃப்ரம் பம்ப் மெதுவாக இழுப்பது இதைவிட நல்லது. நுரையடக்கி குமிழைத்தான் உடைக்கிறது, விஷத்தை அல்ல. நுரை அடங்கிய தண்ணீரைப் பார்த்து 'சுத்தமாயிடுச்சு' என்று வால்வைத் திறந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

அளவு எப்படிப் பெருகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள பிரன்ஸ்விக்கில், விமானக் கொட்டகை ஒன்றின் நுரை அமைப்பு தீயே இல்லாமல் தானாகத் திறந்துகொண்டது. ஏறத்தாழ 5,500 லிட்டர் கரைசல், 1,89,000 லிட்டர் தண்ணீரோடு கலந்து வெளியேறியது. தண்ணீரில் 3 விழுக்காடாகக் கலக்கும் சரக்கின் இயல்பே அதுதான். ஐபிசி எனப்படும் பெரிய கொள்கலத் தொட்டி ஒன்றின் ஆயிரம் லிட்டர், அமைப்பு ஓடினால் 33,000 லிட்டராகும்.

அமைப்பைக் காலி செய்வது

தொடங்குமுன், அமைப்பு செயலிழந்திருக்கும் நேரத்துக்கு மாற்று ஏற்பாடு வேண்டும்: தீக்காவல் ஆள், நடமாடும் நுரை டிராலி, கட்டட உரிமையாளருக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் தகவல். பெர்மிட் டு வொர்க் எனும் வேலை அனுமதிச் சீட்டில் எந்தெந்த வால்வு பூட்டப்பட்டது என்று எண்ணோடு எழுதுங்கள்.

பிளாடர் தொட்டியில் இரும்பு ஓட்டுக்கும் ரப்பர் பைக்கும் இடையே தண்ணீர், பைக்குள் கரைசல். முதலில் அழுத்தத்தை இறக்கி, ஓட்டுத் தண்ணீரை ஒரு தெளிவான பாட்டிலில் பாதி பிடித்து, மூடி, பத்துமுறை குலுக்குங்கள். பெரிய குமிழ்கள் வந்து சில நொடியில் உடைந்தால் பை ஓட்டையில்லை. பால்போல் வெள்ளை நுரை எழுந்து கழுத்துவரை நின்றால், பைக்கு ஊசி ஓட்டையாவது இருக்கிறது. அப்போது அந்த ஓட்டுத் தண்ணீர் முழுதும் நச்சுக் கழிவுக் கணக்கில் சேரும். சோதிக்காமல் வடிகாலில் விட்டவர்கள் நிலைமை என்னவென்று நானே சொல்ல வேண்டியதில்லை. குமிழ் வரவில்லை என்பதற்காகப் பிஃபாஸே இல்லை என்றும் பொருளல்ல. நானோகிராம் அளவு நுரைக்காது. குலுக்கல் பை கிழிந்ததா என்று சொல்லும், தண்ணீர் சுத்தமா என்பதை ஆய்வகம்தான் சொல்லும்.

கரைசலை இறக்கும்போது பையின் மேல் வென்ட்டைத் திறக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பை உள்ளிழுத்து ஒட்டிக்கொண்டு, அடியில் ஐம்பது, நூறு லிட்டர் மடிப்புக்குள் சிக்கிக்கொள்ளும். ஆல்கஹால் தாங்கும் ஏஆர் வகைச் சரக்கு கூழ்போல் கெட்டியானது. நின்றால் இறுகும், கலக்கினால் இளகும். அதற்குச் சிறிய குழாய் போட்டால் மதியம்வரை சொட்டிக்கொண்டே இருக்கும்.

கரைசல் ஒளிந்திருக்கும் இடங்கள்: கரைசலைத் தண்ணீரோடு விகிதப்படி கலக்கும் ப்ரொபோர்ஷனரின் உட்புறம், ஓட்டமில்லாத முட்டுக் குழாய்கள், ஒருவழி வால்வின் பின்பக்கம், ஃபோம் பம்பின் உறை, நுரையைப் பீய்ச்சும் மானிட்டரின் கீழ் வளைவு. தாழ்ந்த ஒவ்வொரு புள்ளியிலும் பிளக்கைக் கழற்றுங்கள், அடியில் தட்டு வைத்து.

இப்போது கழுவல். பெரும்பாலானவர்கள் தொட்டியை மூன்றுமுறை முழுதாக நிரப்பி இறக்குகிறார்கள். ஆயிரம் லிட்டர் தொட்டியில் 10 லிட்டர் எச்சம் தங்கினால், இப்படி மூன்றுமுறை செய்தபின் எஞ்சிய நீரில், மேற்சொன்ன 1 விழுக்காட்டுக் கணக்கில், லிட்டருக்கு ஏறத்தாழ 10,000 நானோகிராம் இருக்கும். கையில் 3,000 லிட்டர் கழிவும் இருக்கும். அதற்குப் பதில் அழுத்தத் தெளிப்பானில் 50 லிட்டர் அடித்து, முழுக்க இறக்கி, மறுபடி 50 என்று ஆறுமுறை செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றும் ஆறு மடங்கு நீர்க்கும், ஆறு சுற்றில் 46,000 மடங்கைத் தாண்டும், மொத்தக் கழிவு 300 லிட்டர். அதே 300 லிட்டரை ஒரேயடியாக ஊற்றினால் 31 மடங்குதான். சின்னச் சின்னதாக, பலமுறை, ஒவ்வொருமுறையும் சொட்டச் சொட்ட இறக்கி: கழுவல் என்றால் இதுதான்.

ஆனால் சுவர் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. பிஃபாஸ் மூலக்கூறுகள் குழாயின் உட்புறத்தில் அடுக்கடுக்காகப் படிந்து ஒட்டிக்கொள்ளும். கழுவி முடித்த அன்று சோதனை நல்லதாக வரும். தண்ணீர் நிரப்பிச் சில வாரம் கழித்து எடுத்தால் அளவு மறுபடி ஏறியிருக்கும். அதனால்தான் கழுவி முடித்த அன்றே மாதிரி எடுத்துச் சான்றிதழ் தருபவரை நான் நம்புவதில்லை. ஊறவிட்டு எடுத்த மாதிரிதான் மாதிரி. 50 முதல் 60 டிகிரி வெந்நீர் உதவும், கிளைகால் ஈதர் கலந்த கழுவுநீர் இன்னும் உதவும். இரண்டும் இரும்புக் குழாய்க்குச் சரி. ரப்பர் பை, ஹோஸ், கேஸ்கெட் ஆகியவற்றைக் கழுவிப் பயனில்லை. ரப்பருக்குள் ஊறியது வெளியே வந்துகொண்டே இருக்கும். மாற்றுங்கள், பழையதைக் கழிவோடு அனுப்புங்கள்.

புதிதாக ஃப்ளூரின் இல்லாத நுரையை ஊற்றுகிறவர்களுக்கு இரண்டு வரி: பழையதோடு கலக்காதீர்கள், பல சரக்குகள் கூழாகிவிடும். கெட்டித்தன்மை வேறு என்பதால் ப்ரொபோர்ஷனர் அதே விகிதத்தில் கலக்கும் என்று நினைக்காமல் சோதியுங்கள். ஃப்ளூரின் இல்லை என்பதற்காக அதையும் வடிகாலில் விடக்கூடாது. ஆக்சிஜனை உறிஞ்சி மீனைக் கொல்ல அதன் சோப்பே போதும்.

கட்டி அனுப்புவது

அடர்கரைசல், முதலிரண்டு கழுவுநீர், பின்னாள் கழுவுநீர், திடக்கழிவு என்று நான்காகப் பிரித்து வையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால், நீர்த்த தண்ணீருக்கும் அடர்கரைசலின் விலை கொடுத்து அழிக்க வேண்டியிருக்கும். எச்டிபிஇ டிரம்தான் சரி. கல்வனைஸ் செய்த இரும்பையும் சாதாரண இரும்பையும் கரைசல் அரித்துவிடும். பத்தில் ஒரு பங்கு காலியிடம் விடுங்கள். லாரி குலுக்கலில் நுரை எழும்பி மூடி வழியே வரும். டிரம்களை, அவற்றில் மிகப் பெரியதன் அளவில் 110 விழுக்காடு பிடிக்கும் தடுப்புத் தட்டில், கூரைக்கு அடியில் வையுங்கள்.

வேலை செய்பவருக்கு நைட்ரில் கையுறை, கண்ணாடி, முழங்கால்வரை பூட்ஸ், ஏப்ரன். முழுவுடல் ஆடை போட்டு உச்சி வெயிலில் நிற்கவைத்தால் நுரை தாக்குமுன் வெப்பம் தாக்கிவிடும். காலையிலேயே முடியுங்கள், இடைவேளை கொடுங்கள். சாப்பிடுமுன் கை கழுவல் கட்டாயம், ஏனென்றால் உடம்புக்குள் முக்கியமாகப் போவது வாய் வழியாகத்தான்.

இந்தக் கழிவை வாரியத்தின் உரிமம் பெற்ற நச்சுத் தொழிற்கழிவுச் சேகரிப்பாளர்தான் எடுக்கலாம். கன்சைன்மென்ட் நோட் எனும் கழிவு அனுப்புச் சீட்டில் எடையும் டிரம் எண்ணிக்கையும் உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று லாரி கிளம்புமுன் பாருங்கள். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: "இது கடைசியாக எங்கே முடியும்?" எரிப்பதென்றால் எத்தனை டிகிரி, எத்தனை நொடி? நகரக் குப்பையை எரிக்கும் உலைகள் 850 முதல் 1,000 டிகிரியில் ஓடுபவை. இதற்கு 1,100க்கு மேல், இரண்டு நொடியாவது, நல்ல காற்றுக் கலப்போடு வேண்டும். வெளிவரும் ஹைட்ரஜன் ஃப்ளூரைடை அடக்கக் காரக் கழுவுகோபுரமும் வேண்டும். கழுவுநீரைக் கரித்தூளிலோ ரெசினிலோ வடிகட்டுவதென்றால், நிறைந்த கரி எங்கே போகிறது என்று அடுத்த கேள்வி. வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால், அபாயக் கழிவு நாடு தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின்கீழ் அனுமதி காட்டச் சொல்லுங்கள். அழிப்புச் சான்றிதழ் வரும்வரை உங்கள் கோப்பை மூடாதீர்கள். "எங்க ஆலையிலேயே சுத்திகரிச்சிடுவோம்" என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். காற்றுக் குமிழ்த் தொட்டியில் இந்தச் சரக்கு விழுந்தால் நுரை சுவர் தாண்டி வழியும், பிஃபாஸ் அப்படியே மறுபக்கம் போகும்.

கடைசியில் காலி டிரம்கள் மிஞ்சும். நீல நிற டிரம் என்றால் பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரர் ஆசையோடு கேட்பார், யாரோ செடி வளர்க்க, தண்ணீர் பிடிக்க எடுத்துப்போவார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் கால் லிட்டர் போதும், மேலே சொன்ன ஆயிரம் குளங்களில் 250 குளங்களைக் கெடுக்க. கொடுக்காதீர்கள். பக்கவாட்டில் துளை போட்டு, நசுக்கி, கழிவு என்று எழுதி, அதே லாரியில் ஏற்றுங்கள்.